இழை போகும் ஊர்கள் – 11: பொன்னேரியில் ஒரு ரூட்டர்

வீட்டில் வைஃபை தரும் பெட்டிக்கும் தொலைத்தொடர்பு நிலையத்தில் இரும்பு ரேக்கில் ஏற்றிவைத்திருக்கும் பெட்டிக்கும் பெயர் ஒன்றே: ரூட்டர். அடிப்படை வேலையும் ஒன்றே. வந்து சேரும் தகவல் பொட்டலத்தின் முகவரியைப் படித்து, அது எந்த வாசல் வழியே வெளியேற வேண்டும் என்று முடிவு செய்கிறது. வேறுபாடு பழுதின் அளவில் இருக்கிறது. வீட்டு ரூட்டர் நின்றால் ஒரு குடும்பம் காத்திருக்கும். நிலையத்து ரூட்டர் நின்றால் ஒரு வட்டாரத்தின் செல்போன் கோபுரங்கள், வங்கிக் கிளைகள், ரேஷன் கடைக் கருவிகள், ஊராட்சி அலுவலகங்கள் எல்லாம் சேர்ந்து நிற்கும். இத்தகைய ரூட்டருக்குக் கேரியர் தரம் என்ற பெயர் உண்டு. 99.999 சதவீத நேரம் அது இயங்க வேண்டும் என்பது இத்துறையின் வழக்கமான இலக்கு. ஆண்டுக்கு 5 நிமிடத்துக்குச் சற்றே கூடுதலாக மட்டுமே நிற்கலாம் என்பது இதன் பொருள்.

எந்தக் கருவியும் பழுதாகாமல் இருப்பதில்லை. ஆகவே இந்த இலக்கை எட்ட ஒரே வழி, எது அறுந்தால் எது அதன் வேலையை ஏற்க வேண்டும் என்பதை முன்கூட்டியே ரூட்டருக்குள் எழுதிவைப்பது. கேரியர் ரூட்டரை அமைக்கும் வேலையின் ஒவ்வொரு படியும் இந்தக் கேள்விக்கான விடைதான். பழவேற்காடு ஏரியை ஒட்டிய மீனவர் ஊர்களுக்கு இணையம் கொண்டுசெல்லும் ரூட்டர் ஒன்றைப் பொன்னேரியில் நிறுவுவதாக வைத்துக்கொண்டு, அந்தப் படிகளை வரிசையாகப் பார்க்கலாம்.

வளையமும் சாலையும்

ஊராட்சிகளுக்குக் கண்ணாடி இழை கொண்டுசெல்லும் மத்திய அரசின் திட்டத்துக்கு 2011 அக்டோபரில் ஒப்புதல் கிடைத்தது. பின்னர் அது பாரத்நெட் என்று பெயர் மாறியது. தமிழ்நாட்டில் 12,525 கிராம ஊராட்சிகளை இணைக்கும் இரண்டாம் கட்டப் பணியை டான்ஃபிநெட் என்னும் மாநில அரசு நிறுவனம் மேற்கொண்டது. இழையில் பெரும்பகுதி மின்கம்பங்கள் வழியாகவும் எஞ்சியது தரைக்கு அடியிலும் செல்கிறது. ஊராட்சிச் சேவை மையத்திலோ அரசுக் கட்டடம் ஒன்றிலோ ரேக், ரூட்டர், யுபிஎஸ் ஆகியவை வைக்கப்படுகின்றன.

பாரத்நெட்டின் முதல் கட்டத்தில் ஒன்றியத்திலிருந்து ஊராட்சிக்கு இழை நேர்கோடாகவே சென்றது. கோடு ஓரிடத்தில் அறுந்தால் அதற்கு அப்பால் உள்ள எல்லாம் துண்டாகிவிடும். 2023 ஆகஸ்டில் ஒப்புதல் பெற்ற திருத்தப்பட்ட திட்டம், 1,39,579 கோடி ரூபாய் மதிப்பில், வளைய அமைப்பையும் ஐபி-எம்பிஎல்எஸ் ரூட்டர்களையும் அடிப்படையாகக் கொண்டது. வளையத்தில் ஓரிடம் அறுந்தால் போக்குவரத்து எதிர்த்திசையில் சுற்றிக்கொண்டு வந்துவிடும்.

பழவேற்காட்டுப் பகுதியில் வளையம் வரைவதற்குச் சாலைகள்தான் எல்லை வகுக்கின்றன. பொன்னேரியிலிருந்து வடகிழக்கே ஏறத்தாழ 20 கிலோமீட்டரில் பழவேற்காடு. அங்கிருந்து பாலத்தைக் கடந்தால் கடலுக்கும் ஏரிக்கும் நடுவே நீளும் மணல்திட்டில் லைட் ஹவுஸ் குப்பம். அந்தத் திட்டின் வழியே தெற்கே போனால் காட்டுப்பள்ளித் துறைமுகம், பிறகு மேற்கே திரும்பினால் மீஞ்சூர், மீண்டும் வடக்கே பொன்னேரி. இந்த ஐந்து ஊர்களும் ஒரு வளையமாக அமைகின்றன. இது விளக்கத்துக்காக வரைந்த வளையம். எந்த நிறுவனத்தின் வரைபடமும் அல்ல.

வளையம் வரைந்துவிட்டால் போதாது. அதன் இரு கைகளும் ஒரே ஆபத்தில் மாட்டிக்கொள்கின்றனவா என்று பார்க்க வேண்டும். இரண்டு இழைகள் ஒரே பாலத்தின் மீதோ ஒரே கம்பவரிசையிலோ சென்றால், வரைபடத்தில் இரண்டாகவும் புயலுக்கு ஒன்றாகவும் இருக்கும். இப்படி ஒரே விபத்தில் சேர்ந்து அறுபடக்கூடிய தடங்களைப் பொறியாளர்கள் பொது ஆபத்துக் குழு என்று குறித்துவைத்து, ரூட்டருக்கும் அதைத் தெரிவிக்கிறார்கள். மாற்றுவழி தேடும்போது அதே குழுவைச் சேர்ந்த தடத்தை ரூட்டர் தவிர்த்துவிடும். பசியாவரம் போல ஏரிநீர் சூழ்ந்த ஊர்களுக்கு இரண்டாவது சாலையே இல்லை. அங்கே இரண்டாவது கையாக நுண்ணலை வானொலி இணைப்பைப் பயன்படுத்தலாம். ஆனால் நீர்ப்பரப்பில் பட்டுத் திரும்பும் அலை நேராக வரும் அலையோடு மோதி அதை மங்கச் செய்யும் என்பதால், ஒரே கோபுரத்தில் இரண்டு உயரங்களில் ஆன்டெனா பொருத்துவது வழக்கம்.

அறை, மின்சாரம், உப்பு

சிஸ்கோவின் ஏஎஸ்ஆர் 9000, ஜூனிப்பரின் எம்எக்ஸ், நோக்கியாவின் 7750 ஆகியவை உலகெங்கும் பயன்படும் கேரியர் ரூட்டர் வரிசைகள். இந்தியாவில் உருவான 2.4 டெராபிட் திறனுள்ள ரூட்டர் ஒன்றை நிவெட்டி நிறுவனம், சி-டாட், தொலைத்தொடர்புத் துறை ஆகியவற்றின் கூட்டுமுயற்சியாக 2024 மார்ச்சில் பெங்களூரில் அறிமுகப்படுத்தினார்கள். 2021 ஜூன் 15 முதல், நம்பகமான மூலத்திலிருந்து வந்தது என்று ஒப்புதல் பெற்ற கருவிகளை மட்டுமே தொலைத்தொடர்பு நிறுவனங்கள் தங்கள் வலையமைப்பில் புதிதாக இணைக்க முடியும்.

பெரிய ரூட்டரின் உள்ளமைப்பு நான்கு பகுதிகள் கொண்டது. வழிகளைக் கணக்கிடும் கட்டுப்பாட்டு அட்டைகள் இரண்டு. ஒன்று வேலை செய்ய, மற்றது அதன் நிலையை நகலெடுத்தபடி காத்திருக்கும். இழைகள் வந்து சேரும் லைன் கார்டுகள் பல. அவற்றை ஒன்றோடொன்று இணைக்கும் உள்பின்னல். பிறகு மின்வழங்கிகளும் மின்விசிறிகளும். கணக்கிடும் வேலையும் பொட்டலங்களைக் கடத்தும் வேலையும் தனித்தனி அட்டைகளில் நடப்பதால், கட்டுப்பாட்டு அட்டை மறுதொடக்கம் ஆகும்போதும் லைன் கார்டுகள் கடைசியாகக் கற்ற வழிப்படி பொட்டலங்களை அனுப்பிக்கொண்டிருக்கும்.

இந்தக் கருவிகளுக்கு மின்சாரம் வீட்டு 230 வோல்ட் அல்ல. மைனஸ் 48 வோல்ட் நேர்மின்சாரம். 2 வோல்ட் பேட்டரிக் கலங்கள் 24 சேர்ந்தது இந்த 48. நேர்முனையை மண்ணோடு இணைத்து எதிர்முனையில் மின்சாரம் கொடுப்பது தந்தி, தொலைபேசிக் காலத்து வழக்கம். மண்ணுக்குள் இருக்கும் தாமிரக் கம்பி மின்பகுப்பால் அரிக்கப்படாமல் இருக்க அது உதவியது. ரூட்டருக்கு ஏ, பி என்று இரண்டு மின்தடங்கள் வர வேண்டும். இரண்டும் வெவ்வேறு பிரேக்கரிலிருந்து வர வேண்டும். 600 வாட் எடுக்கும் ரூட்டர் 48 வோல்ட்டில் 12.5 ஆம்பியர் இழுக்கும். 200 ஆம்பியர்-மணி பேட்டரி கணக்குப்படி 16 மணி நேரம் தாங்கும். பேட்டரியை முழுக்கக் காலி செய்யக் கூடாது என்று 80 சதவீதம் மட்டும் எடுத்தால் 12.8 மணி நேரம். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் சென்னையையும் திருவள்ளூர் மாவட்டத்தையும் நனைத்தபோது பல இடங்களில் மின்சாரம் திரும்ப அதைவிட நீண்ட நேரம் பிடித்தது. எனவே டீசல் ஜெனரேட்டரும், தண்ணீர் சூழ்ந்தாலும் அதற்கு எரிபொருள் போய்ச் சேரும் வழியும் திட்டத்தில் இடம்பெற வேண்டும். ரேக்கைத் தரைமட்டத்திலிருந்து உயர்த்திய மேடையில் வைத்து, கேபிள்களை மேலிருந்து இறக்குவதும் இதே காரணத்தால்தான்.

கடலோரத்தின் தனிப் பகைவன் உப்புக்காற்று. ஈரத்தோடு சேர்ந்த உப்பு, சர்க்யூட் பலகையின் தாமிரத் தடங்களையும் இணைப்பு முனைகளையும் அரிக்கும். மின்னணுக் கருவி அறைகளுக்கான தரவிதிப்படி, மிதமான சூழல் என்று கருதப்பட, அறையில் தொங்கவிட்ட தாமிரத் தகட்டில் ஒரு மாதத்தில் சேரும் அரிப்புப் படலம் 300 ஆங்ஸ்ட்ராமைத் தாண்டக் கூடாது. வெளிக்காற்றை நேரடியாக உள்ளே இழுத்துக் குளிர்விக்கும் மலிவான முறை பழவேற்காட்டு அறைக்கு ஏற்றதல்ல. மூடிய அறை, உள்காற்றையே சுழற்றும் குளிர்சாதனம், இடைவெளி அடைக்கப்பட்ட கேபிள் துளைகள் ஆகியவை தேவை. எர்த்திங் தண்டுகளும் உப்புமண்ணில் விரைவாகத் துருப்பிடிக்கும் என்பதால் ஆண்டுதோறும் அளந்து பார்க்க வேண்டும்.

ஒளியின் வரவுசெலவு

லைன் கார்டில் செருகும் விரல்நீளக் கருவிக்கு எஸ்எஃப்பி என்று பெயர். மின்குறிப்பை ஒளியாகவும் ஒளியை மின்குறிப்பாகவும் மாற்றுவது இதன் வேலை. 10 ஜிகாபிட் வேகத்தில் 10, 40, 80 கிலோமீட்டர் என்று தூரத்துக்கு ஏற்ற வகைகள் உண்டு. எதை வாங்குவது என்பது ஊகத்துக்கு உரியதல்ல. கூட்டிக் கழித்துப் பார்க்க வேண்டியது.

பொன்னேரி–பழவேற்காடு இழையை 20 கிலோமீட்டர் என்று கொள்வோம். 1550 நானோமீட்டர் ஒளி ஒரு கிலோமீட்டருக்குச் சுமார் 0.25 டெசிபெல் இழக்கும், மொத்தம் 5. கேபிள் உருளை 2 கிலோமீட்டர் நீளம் என்றால் ஒட்டு ஏறத்தாழ பத்து; ஒட்டு ஒன்றுக்கு 0.1 வீதம் 1 டெசிபெல். நான்கு இணைப்பு முனைகளுக்கு 0.5 வீதம் 2. ஆக 8 டெசிபெல். இழை இனிமேல் அறுந்து மீண்டும் ஒட்டப்படும், முனைகள் பழசாகும் என்று 3 டெசிபெல் ஒதுக்கினால் 11. நாற்பது கிலோமீட்டர் வகை எஸ்எஃப்பி குறைந்தபட்சம் மைனஸ் 4.7 டிபிஎம் ஒளியை அனுப்பும். அதன் ஏற்பி மைனஸ் 15.8 வரை படிக்கும். இடைவெளி 11.1 டெசிபெல். கணக்கு மயிரிழையில் பொருந்துகிறது. பத்துக் கிலோமீட்டர் வகையைப் போட்டால் பொருந்தாது.

எதிர்ப்பக்கத் தவறும் உண்டு. தொலைதூர எஸ்எஃப்பிகள் இரண்டை ஒரே அறையில் குட்டைக் கேபிளால் இணைத்துச் சோதித்தால் அளவுக்கு மீறிய ஒளி ஏற்பியைக் குருடாக்கிவிடும். இடையில் ஒளிகுறைப்பான் வேண்டும். இழைமுனையில் ஒட்டிய தூசு ஒன்றே ஓர் இணைப்பைக் கெடுக்கப் போதுமானது. எனவே ஒவ்வொரு முனையையும் நுண்ணோக்கியில் பார்த்துத் துடைத்த பின்னரே செருக வேண்டும். நிறுவியதும் ஏற்பியில் விழும் ஒளியின் அளவைப் பதிந்துவைத்தால், பிற்காலத்தில் இழை மெல்ல மெல்ல மோசமாவதை அறுவதற்கு முன்பே கண்டுபிடிக்கலாம்.

முதல் கட்டளைகள்

மின்சாரம் கொடுத்ததும் ரூட்டருக்கு முகவரி எதுவும் இருக்காது. மடிக்கணினியைக் கன்சோல் துளையில் செருகி, பெரும்பாலும் 9600 என்னும் மெதுவான வேகத்தில், முதல் உரையாடல் நடக்கும். இயங்குமென்பொருளின் பதிப்பையும் அதன் சரிபார்ப்புக் குறியீட்டையும் தயாரிப்பாளர் வெளியிட்டதோடு ஒப்பிட வேண்டும். பிறகு ரூட்டருக்குப் பெயர். ஊர், பணி, வரிசை எண் மூன்றும் பெயரில் தெரிந்தால், நள்ளிரவில் எச்சரிக்கையைப் பார்ப்பவருக்கு எங்கே ஆளனுப்புவது என்று உடனே விளங்கும்.

அடுத்தது யார் உள்ளே நுழையலாம் என்பது. டெல்நெட் கடவுச்சொல்லைத் திறந்தபடி அனுப்பும். அதை மூடி எஸ்எஸ்எச் மட்டும் திறக்க வேண்டும். பணியாளர் ஒவ்வொருவருக்கும் தனிக்கணக்கு, அவர் இட்ட ஒவ்வொரு கட்டளைக்கும் பதிவு, இவை டாகாக்ஸ் போன்ற மைய வழங்கியில் இருக்கும். அது எட்டாத நேரத்துக்கு மட்டும் உள்ளூர்க் கணக்கு ஒன்று. கடிகாரம் சரியாக இருப்பது அழகுக்கு அல்ல. பத்து ரூட்டர்களின் பதிவுகளை வரிசைப்படுத்தித்தான் எது முதலில் விழுந்தது என்று அறிய முடியும். மத்திய அரசின் செர்ட்-இன் 2022 ஏப்ரல் 28 அன்று இட்ட ஆணைப்படி, கருவிகளின் கடிகாரம் தேசியத் தகவலியல் மையம் அல்லது தேசிய இயற்பியல் ஆய்வகத்தின் நேரத்தோடு ஒத்திருக்க வேண்டும். பதிவுகளை 180 நாள் வைத்திருக்க வேண்டும். ஆணை பட்டியலிடும் இணையப் பாதுகாப்பு நிகழ்வுகளை 6 மணி நேரத்துக்குள் தெரிவிக்க வேண்டும்.

நிர்வாக வழி, பொதுப் போக்குவரத்து செல்லும் வழியிலிருந்து பிரிந்து இருப்பது இந்தப் படியின் உயிர்நாடி. கனடாவின் ராஜர்ஸ் நிறுவனத்தில் 2022 ஜூலை 8 அன்று ஒரு ரூட்டரின் வடிகட்டி விதி நீக்கப்பட்டதும், அளவுக்கு மீறிய வழித்தகவல்கள் மைய ரூட்டர்களுக்குள் பாய்ந்து அவற்றை முடக்கின. நிர்வாக வலையமைப்பும் அதே மையத்தைச் சார்ந்திருந்ததால், பொறியாளர்கள் தம் கருவிகளுக்குள் நுழையவே மணிக்கணக்கில் போராட நேர்ந்தது. 1.2 கோடிக்கும் மேற்பட்ட வாடிக்கையாளர்கள் பாதிக்கப்பட்டார்கள். பொன்னேரி ரூட்டரின் கன்சோலுக்கு வேறு நிறுவனத்தின் செல்போன் சிம் கொண்ட சிறு மோடம் ஒன்றைப் பொருத்துவது செலவு குறைந்த காப்பீடு.

தூரத்திலிருந்து கட்டளை இடும்போது தன் கிளையையே வெட்டிக்கொள்ளும் ஆபத்து எப்போதும் உண்டு. அதற்காகவே ஜூனிப்பர் ரூட்டர்களில் மாற்றத்தைத் தற்காலிகமாக ஏற்கச் செய்யும் கட்டளை இருக்கிறது. பத்து நிமிடத்துக்குள் பொறியாளர் மறுபடி உறுதி செய்யாவிட்டால் ரூட்டர் தானாகப் பழைய அமைப்புக்குத் திரும்பிவிடும். சிஸ்கோவின் கேரியர் வரிசையிலும் இதற்கு இணையான வசதி உண்டு.

வளையத்துக்குள் வழி

ஒவ்வொரு ரூட்டருக்கும் எந்த வாசலையும் சாராத நிலையான முகவரி ஒன்று தரப்படும்; அது லூப்பேக். ஒரு வாசல் செத்தாலும் மற்ற வாசல் வழியாக இந்த முகவரியை எட்டலாம். பொன்னேரிக்கு 192.0.2.1 என்று வைத்தால், வளையத்து ரூட்டர்கள் தம்முள் வழித்தகவல் பரிமாறும் ஐஎஸ்-ஐஎஸ் நெறிமுறைக்கான அடையாளத்தை அதிலிருந்தே 49.0001.1920.0000.2001.00 என்று அமைத்துக்கொள்ளலாம். இரண்டு ரூட்டர்களுக்கு இடையிலான தடத்துக்கு இரண்டே முகவரி போதும். எனவே முகவரிகளின் பொதுத் தொடக்கமான முன்னொட்டு 31 பிட் நீளம்.

ஐஎஸ்-ஐஎஸ் இயங்கும் ரூட்டர்கள் தம் அண்டை ரூட்டர்கள் யார், தடத்தின் விலை என்ன என்பதை வளையம் முழுதும் அறிவித்துக்கொள்கின்றன. ஒவ்வொன்றும் முழு வரைபடத்தையும் தானே வரைந்து மலிவான வழியைத் தேர்கிறது. நம் வளையத்தில் ஒவ்வொரு தடத்தின் விலையும் 10 என்றால், பழவேற்காட்டிலிருந்து பொன்னேரிக்கு நேர்வழி 10, சுற்றுவழி 40. லைட் ஹவுஸ் குப்பத்திலிருந்து பொன்னேரிக்குப் பழவேற்காடு வழி 20, காட்டுப்பள்ளி வழி 30.

இப்போது பொன்னேரி–பழவேற்காடு இழை அறுகிறது. இந்த நெறிமுறையின் இயல்பான ஏற்பாட்டில், 10 விநாடிக்கு ஒரு முறை வரும் நலக்குறிப்பு 30 விநாடி வரவில்லை என்றால்தான் அண்டை ரூட்டர் செத்ததாகக் கருதப்படும். அவ்வளவு நேரம் காத்திருக்க முடியாது என்பதால் பிஎஃப்டி என்னும் துணை நெறிமுறை சேர்க்கப்படுகிறது. 50 மில்லி விநாடிக்கு ஒரு குறிப்பு, மூன்று தவறினால் அறிவிப்பு. 150 மில்லி விநாடியில் செய்தி தெரிந்துவிடும். ஒளியே முழுதாக நின்றுபோனால் அதற்கும் முன்பே ரூட்டர் உணர்ந்துகொள்ளும்.

செய்தி தெரிந்த பிறகுதான் வளையத்துக்கே உரிய சிக்கல் தலைகாட்டுகிறது. பழவேற்காடு ரூட்டர் பொன்னேரிக்கான பொட்டலத்தை எதிர்த்திசையில் லைட் ஹவுஸ் குப்பத்துக்கு அனுப்புகிறது. அங்கே இன்னும் பழைய வரைபடம்தான் இருக்கிறது; அதன்படி பொன்னேரிக்கு மலிவான வழி பழவேற்காடு. எனவே பொட்டலம் வந்த வழியே திரும்பும். எல்லா ரூட்டர்களும் புது வரைபடம் வரைந்து முடிக்கும்வரை பொட்டலங்கள் இரண்டு ஊர்களுக்கும் நடுவே அலைந்து மடியும்.

தீர்வு, காட்டுப்பள்ளியைக் குறிவைப்பது. காட்டுப்பள்ளி ரூட்டரின் பழைய வரைபடத்திலேயே பொன்னேரிக்கு மலிவான வழி மீஞ்சூர் வழியாக 20தான். அறுந்த தடத்தை அது நம்பியிருக்கவில்லை. லைட் ஹவுஸ் குப்பத்துக்கும் காட்டுப்பள்ளி எந்தப் பக்கம் என்பதில் குழப்பம் இல்லை. ஆகவே பழவேற்காடு ரூட்டர் பொட்டலத்தின் மேல் 'காட்டுப்பள்ளிக்கு' என்னும் குறிச்சீட்டை ஒட்டி அனுப்பினால் போதும். லைட் ஹவுஸ் குப்பம் சீட்டை மட்டும் பார்த்துத் தெற்கே தள்ளும். காட்டுப்பள்ளியில் சீட்டு கழன்று பொட்டலம் மீஞ்சூர் வழியே பொன்னேரி சேரும். இந்தக் கணக்கை இழை அறுவதற்கு முன்பே போட்டு லைன் கார்டில் தயாராக வைத்துவிடுவதால், அறுந்தது தெரிந்த 50 மில்லி விநாடிக்குள் மாற்றம் முடிந்துவிடும். செல்போனில் பேசிக்கொண்டிருப்பவர் அதைக் கவனிக்கக்கூட மாட்டார்.

குறிச்சீட்டின் அளவு

இந்தக் குறிச்சீட்டு முறைக்குத்தான் எம்பிஎல்எஸ் என்று பெயர். சீட்டு 4 பைட் நீளம். அதில் எண்ணுக்கு 20 பிட். 0 முதல் 15 வரை தனிப்பயன்களுக்கு ஒதுக்கப்பட்டவை. 16 முதல் 10,48,575 வரை புழக்கத்துக்கு. சீட்டுகளைப் பரிமாற எல்டிபி பழைய வழி. 2018இல் வரையறுக்கப்பட்ட செக்மென்ட் ரூட்டிங் புதிய வழி. இதில் ஐஎஸ்-ஐஎஸ் நெறிமுறையே சீட்டு எண்களையும் சேர்த்து அறிவித்துவிடுகிறது.

இங்கே புதியவர்கள் அடிக்கடி இடறும் இடம் பொட்டலத்தின் உச்ச அளவு. வாடிக்கையாளரின் 1500 பைட் பொட்டலத்தின் மேல் இரண்டு மூன்று சீட்டுகள் ஏறினால் அது 1508, 1512 ஆகிவிடும். இடையில் ஒரே ஒரு தடத்தின் வரம்பு 1500 என்று விடப்பட்டிருந்தால் பெரிய பொட்டலங்கள் மட்டும் அங்கே சத்தமின்றி விழும். சோதனைக்கு அனுப்பும் சிறு பிங் வெற்றிகரமாகத் திரும்பும். வங்கிப் பக்கம் மட்டும் திறக்காது. வளையத்தின் எல்லாத் தடங்களிலும் வரம்பை 9000 பைட்டுக்கு மேல் வைத்து, பெரிய அளவுப் பிங்கை உடைக்காமல் அனுப்பிச் சரிபார்ப்பது இந்தத் தலைவலியைத் தவிர்க்கும்.

வெளியுலகின் வழிகள்

வளையத்துக்கு வெளியே உள்ள உலகத்தை அறிவிப்பது பிஜிபி. 1989இல் தோன்றிய இந்நெறிமுறை வலையமைப்புகளுக்கு இடையே 'இந்த முகவரிகள் என் வழியே கிடைக்கும்' என்னும் அறிவிப்புகளைக் கடத்துகிறது. அறிவிப்புகள் ஒன்றின் மேல் ஒன்று படியும்போது, மிகக் குறுகலான முன்னொட்டே வெல்லும். கடிதம் பிரிப்பவர் 601 என்ற தொடக்கத்தைப் பார்த்து ஒரு பையில் போடுவதும், 601205 என்று முழு எண்ணுக்கும் தனிப்பை இருந்தால் அதிலேயே போடுவதும் போன்றது இது.

இந்த விதியின் ஆபத்தை 2008 பிப்ரவரி 24 காட்டியது. யூடியூபைத் தன் நாட்டில் மட்டும் தடுக்க நினைத்த பாகிஸ்தான் டெலிகாம், அதன் முகவரிகளில் ஒரு குறுகிய பகுதிக்குத் தன்னையே வழியாக அறிவித்தது. அறிவிப்பு நாட்டெல்லையைத் தாண்டிக் கசிந்தது. உலகின் பெரும்பகுதிக்கு யூடியூப் சுமார் இரண்டு மணி நேரம் எட்டாமல் போனது. 2021 ஏப்ரல் 16 அன்று இந்தியாவில் வோடபோன் ஐடியாவின் வலையமைப்பு, தனக்கு உரியவை அல்லாத 30,000க்கும் மேற்பட்ட முன்னொட்டுகளை அறிவித்தது. எனவே பிஜிபி அண்டை ஒவ்வொன்றுக்கும் மூன்று காவல்கள் எழுதப்படுகின்றன: எதை ஏற்பது, எதை அறிவிப்பது என்னும் பட்டியல், முன்னொட்டுகளின் எண்ணிக்கைக்கு உச்சவரம்பு, முகவரியின் உரிமையாளரைக் கையொப்பத்தால் சரிபார்க்கும் ஆர்பிகேஐ. இந்தியாவில் முகவரிகளை வழங்கும் ஐஆர்ஐஎன்என் இந்தக் கையொப்பப் பதிவுக்கும் இடம் தருகிறது.

பொன்னேரி ரூட்டர் உலகின் எல்லா வழிகளையும் சுமக்க வேண்டுமா என்பதும் முடிவு செய்ய வேண்டிய ஒன்று. ஐபிவி4 வழிகள் இன்று சுமார் 10 லட்சம். 2014 ஆகஸ்ட் 12 அன்று அது 5,12,000ஐ எட்டியபோது, அந்த அளவுக்கே நினைவகம் ஒதுக்கப்பட்டிருந்த பழைய ரூட்டர்கள் உலகெங்கும் தடுமாறின. பொன்னேரியிலிருந்து உலகம் செல்லும் வழி எப்படியும் சென்னைதான். கடலடிக் கேபிள்கள் கரையேறுவதும் இணைய நிறுவனங்கள் தம்முள் போக்குவரத்தை மாற்றிக்கொள்ளும் நிக்ஸியின் பரிமாற்ற மையம் இருப்பதும் அங்கேயே. ஆகவே பொன்னேரியிலிருந்து செங்குன்றம் வழியாக ஒன்று, மீஞ்சூரிலிருந்து திருவொற்றியூர் வழியாக மற்றொன்று எனச் சென்னைக்கு இரண்டு தடங்களும், அவற்றின் மேல், பட்டியலில் இல்லாத முகவரிகள் எல்லாவற்றுக்குமான இயல்புவழி ஒன்றும் போதும். முழுப் பட்டியல் சென்னையில் இருந்தால் போதுமானது. ஒரே வலையமைப்புக்குள் இயங்கும் உள்ளகப் பிஜிபியில் ஒவ்வொரு ரூட்டரும் மற்ற எல்லாவற்றோடும் பேச வேண்டும் என்பது விதி. நூறு ரூட்டர்களுக்கு அது 4,950 உரையாடல்கள். அறிவிப்புகளை வாங்கி மற்றவற்றுக்குக் கடத்தும் வழிப்பிரதிபலிப்பான்கள் இரண்டைச் சென்னையில் வைத்தால் பொன்னேரிக்கு இரண்டே உரையாடல்கள்.

ஒரே இழை, பல வாடிக்கையாளர்கள்

ஊராட்சி அலுவலகம், செல்போன் நிறுவனம், வங்கி, வீட்டு இணைப்பு எல்லாம் ஒரே இழையில் போனாலும் ஒன்றின் போக்குவரத்து மற்றதன் கண்ணில் படக் கூடாது. ரூட்டருக்குள் ஒவ்வொருவருக்கும் தனித்தனி வழிப்பட்டியல் அமைப்பது விஆர்எஃப். நெரிசல் வரும்போது யாரை முதலில் விடுவது என்பதையும் எழுத வேண்டும்: ரூட்டர்களின் சொந்த உரையாடல் முதலில், குரல் அடுத்து, காணொளியும் பதிவிறக்கமும் பிறகு. இந்த வரிசையை எழுதாமல் விட்டால், நெரிசலில் பிஜிபி உரையாடலே அறுந்து, நெரிசல் துண்டிப்பாக மாறிவிடும்.

வீட்டு இணைப்புகளுக்குப் பொது ஐபிவி4 முகவரி தனித்தனியாகக் கிடைக்காது. ஆசிய-பசிபிக் பகுதியின் கையிருப்பு 2011 ஏப்ரல் 15 அன்றே கடைசிக் கட்டத்துக்கு வந்துவிட்டது. 100.64.0.0 என்று தொடங்கும், 41,94,304 முகவரிகள் கொண்ட பகிர்வுத் தொகுதியிலிருந்து வீட்டுக்கு ஒன்று தந்து, வெளியே போகும்போது பலரை ஒரே பொது முகவரிக்குள் அடைப்பது சிஜிநாட். ஒரு பொது முகவரியின் பயன்படுத்தத்தக்க 64,512 போர்ட்டுகளை ஆளுக்கு 512 என்று பிரித்தால் 126 வீடுகள் அதைப் பகிரலாம். எந்த நேரத்தில் எந்தப் போர்ட் யாரிடம் இருந்தது என்னும் பதிவை உரிம விதிப்படி இரண்டு ஆண்டு காக்க வேண்டும். போர்ட்டுகளைத் தொகுதியாகவே கொடுத்தால் பதிவின் அளவு வெகுவாகக் குறையும். கூடவே ஐபிவி6 முகவரியும் தந்துவிட்டால் போக்குவரத்தில் பெரும்பகுதி சிஜிநாட்டைத் தொடாமலே போய்விடும்.

ஒப்படைப்புக்கு முன்

அமைத்து முடித்த ரூட்டரை அறுத்துப் பார்த்துத்தான் ஏற்க வேண்டும். சோதனைக் கருவி போக்குவரத்தை ஓடவிட்டபடி இருக்க, ஒரு மின்தடத்தை அணைக்கிறார்கள். ஒரு கட்டுப்பாட்டு அட்டையைப் பிடுங்குகிறார்கள். வளையத்தின் ஒவ்வோர் இழையையும் முறைவைத்துக் கழற்றுகிறார்கள். ஒவ்வொரு முறையும் எத்தனை பொட்டலங்கள் தொலைந்தன, எத்தனை மில்லி விநாடியில் போக்குவரத்து மீண்டது என்று எழுதுகிறார்கள். கழற்றியதை மீண்டும் செருகும்போதும் அளக்க வேண்டும். மறுதொடக்கமான ரூட்டர் ஐஎஸ்-ஐஎஸ் நெறிமுறையில் உடனே எழுந்து போக்குவரத்தை அழைத்துவிட்டு, பிஜிபி வழிகள் வந்து சேராமல் விழிப்பது வழக்கமான குறை. பிஜிபி நிறைவடையும்வரை 'என் வழியே அனுப்பாதே' என்று அறிவிக்கும் சுமைக்குறியை இட்டால் இது தீரும்.

பிறகு முழு அமைப்பின் நகல் சென்னையில் உள்ள வழங்கிக்குப் போகிறது. ஒவ்வொரு மாற்றத்துக்குப் பிறகும் புது நகல் தானாகச் சேர்கிறது. உதிரி எஸ்எஃப்பிகள், ஒரு லைன் கார்டு, ஒரு மின்வழங்கி பொன்னேரியிலேயே இருக்க வேண்டும். சென்னையிலிருந்து வருவதற்குள் வெள்ளம் சாலையை மூடிவிடக்கூடும். ஊராட்சி அறையின் சாவி யாரிடம், பேட்டரிக்குத் தண்ணீர் ஊற்றுவதோ அதை மாற்றுவதோ எப்போது, கம்பத்தில் இழை தொங்கினால் யாரை அழைப்பது என்னும் ஒரு பக்கக் குறிப்பு அறைச்சுவரில் ஒட்டப்படுகிறது. இந்தப் பட்டியல் முழுவதும் கையெழுத்தான பிறகே வாடிக்கையாளர் போக்குவரத்து புதிய ரூட்டருக்கு மாற்றப்படும். அதுவும் பயன்பாடு மிகக் குறைந்த பின்னிரவில், ஒவ்வொரு வாடிக்கையாளராக, பழைய வழியைக் கழற்றாமலே.

*அடுத்த வாரம்: மின்கம்பத்தில் போகும் இழை – தொய்வு, காற்று, ஒட்டு*

(தொடரும்)